வாடகை மேடை

தென்காசி வட்டாரத்துத் தோழர்கள் சிலர் படிப்பு வட்டம் ஒன்று கண்டு, கிழமைதோறும் கூடி, கூடியவிடத்துப் பேசியதை எழுதி, எழுதியதை நாடறியச் செய்திட விழைகின்றனர். விழைவு நன்று, வாழ்த்துகிறோம். எனினும், எழுத்தை எங்கே வைப்பது என்னும் கேள்வி எழுந்ததும் வட்டம் இரண்டாகப் பிளந்து நிற்கிறதாம். "மக்கள் திரண்டிருக்கும் இடத்திற்கு நாம் செல்வோம், பெரிய நிறுவனங்கள் இலவசமாகவே வலைப்பதிவு தருகின்றன, எழுதுவோம், பரப்புவோம்" என்பது ஒரு சாரார் வாதம். "மாற்றான் திண்ணையில் அமர்ந்துகொண்டு மாற்றானை எதிர்த்துப் பேச முடியுமா? நம் பெயரில் முகவரி, நம் கையில் வழங்கி, நம் பொறுப்பில் எல்லாம், அதுவே தன்மானம்" என்பது மறு சாரார் வாதம். இரு சாராரும் நம்மிடம் தீர்ப்புக் கேட்கின்றனர்.

கணினிக் கடைக்காரரிடம் கேட்கவேண்டியதை ஏட்டிலே எதற்கு எழுப்புகிறீர் என்போர் உண்டு. விலை என்ன, வேகம் என்ன என்பது மட்டுமே கேள்வியாயின் கடைக்காரரே போதும். நாம் குறுக்கே வரமாட்டோம். பேசுகிறவன் தான் நிற்கும் மேடைக்கு உரியவனாக இருந்தே தீரவேண்டுமா? இரவல் மேடையில் ஏறி உண்மை பேசிட இயலாதா? மேடைக்கு உரியவன் ஆகிவிட்டால், அவன் யார் யாருக்குக் கடன்படுகிறான்? இவற்றுக்குக் கடைக்காரரிடம் விடை இல்லை. ஆகவே ஏட்டில் எழுதுகிறோம்.

குற்றாலத்துச் சாரலை அறியாத தென்காசித் தோழர் இல்லை. மேற்கே மலைமுகட்டில் மேகம் கவிந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கியதும், அருவிக்குப் போகும் சாலையெங்கும் கடைகள் முளைத்துவிடும். நேந்திரங்காய் வறுப்போர், பழம் விற்போர், துண்டு விற்போர், எண்ணெய் தேய்த்துவிடுவோர் என்று எத்தனை பேர்! கூவி அழைக்கவேண்டிய தேவைகூட அவர்கட்கு அதிகம் இல்லை. அருவி அழைத்துவரும் கூட்டம் கடைவாயிலுக்குத் தானே வந்துவிடுகிறது. ஆனால் கடை நிற்கும் நிலம் கடைக்காரருக்கு உரியதன்று. எந்த இடம், எவ்வளவு வாடகை, எத்தனை நாள் என்பவை அவர் கையில் இல்லை. சாரல் ஓய்ந்ததும் கம்பையும் கீற்றையும் கழற்றிக்கொண்டு அவர் போய்விடுவார். நேற்று அவரிடம் வாங்கியவன் இன்று அவரைத் தேடினால், எங்கே போய்த் தேடுவது?

பெரிய நிறுவனங்கள் நமக்குத் தரும் இலவச இடங்கள் இத்தகைய சாரல் கடைகளே. வாடகை இல்லை என்பர். பிரசாதம் இலவசம் என்று பக்தன் நினைப்பான். உண்டியல் எங்கே இருக்கிறதென்று பகுத்தறிவாளன் பார்ப்பான். உண்டியல் இருக்கத்தான் செய்கிறது, தோழர்காள்! நம் எழுத்தைப் படிக்க வருவோர் எதைப் பார்த்தனர், எவ்வளவு நேரம் நின்றனர், அடுத்து எங்கே சென்றனர் என்னும் விவரமெல்லாம் அதிலேதான் விழுகின்றன. விளம்பரமாக மாறிக் காசாகின்றன. வாடகையைச் செலுத்துபவர் நம் வாசகர். அவரைக் கேளாமல் அவர் தலையில் அதைக் கட்டுகிறோம் என்பதை முதற்சாரார் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

சாரல் ஓய்ந்த கதைகளும் பல. ஜியோசிட்டீஸ் என்னும் இடத்தில் உலகெங்கும் எத்தனையோ பேர் தம் கையாலேயே பக்கங்கள் கட்டி வைத்திருந்தனர். அதை வாங்கிய யாகூ நிறுவனம் 2009-ல் மூடியது. போஸ்டரஸ் 2013-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் போயிற்று. தமிழர் பலர் இலக்கியச் சண்டையும் இலக்கணச் சண்டையும் நடத்திய யாகூ குழுமங்கள் 2020-ல் முடிந்தன. 2003 முதல் நடந்துவந்த டைப்பேட், 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் கதவடைத்தது. கடைசியாகச் சொன்னதில் இடம் இலவசமுமன்று; பணம் கட்டி இருந்தோரும் மூட்டை கட்டவேண்டியதாயிற்று. முன்னறிவிப்புத் தந்தார்கள், உண்மை. முன்னறிவிப்பு வந்த நாளில் உயிரோடிருந்து, கணக்கின் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

இத்தனையும் கேட்ட மறு சாரார் கைதட்டத் தொடங்கியிருப்பர். அவசரம் வேண்டா. 1999-ல் பிறந்து 2003-ல் கூகுள் கைக்குப் போன பிளாகர் இன்றும் நிற்கிறது. இருபதாண்டுகட்கு முன் தமிழர் அங்கே எழுதிவைத்த பக்கங்கள் பல, எழுதியவர் மறந்துபோன பின்னும், ஒரு காசு கேளாமல் நிற்கின்றன. அதே காலத்தில் சொந்தப் பெயர் வாங்கி, சொந்த இடம் பிடித்து, தோரணம் கட்டித் தொடங்கிய தமிழ்த் தளங்கள் எத்தனையோ ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளின்றி அழிந்தன. அவற்றின் பெயரைத் தட்டினால் இன்று சூதாட்ட விளம்பரம் எழுந்து ஆடுவதும் உண்டு. வாடகை வீடு நின்றது, சொந்த வீடு இடிந்தது. ஆகவே "சொந்தம்" என்னும் சொல்லை மந்திரமாக உச்சரிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. மந்திரங்களைப் பற்றி நம் கருத்து யாவரும் அறிந்ததே.

பிறகு சொந்த மேடை எதற்கு? அச்சு ஏடுகளின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதிலும் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பாரதியாருடையது. அவருடைய வேதப்பற்றையும் சக்தி வழிபாட்டையும் நாம் ஏற்பதில்லை. அவர் தமிழை ஏற்கிறோம். அவர் எழுதிய "இந்தியா" ஏட்டின்மீது 1908-ல் வெள்ளையர் அரசு பாய்ந்தபோது, சட்டப்படி ஆசிரியரென்று பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் சிறை புகுந்தார். எழுதியவர் புதுவை புகுந்தார். அச்சகமும் புதுவைக்கே சென்றது. பிரெஞ்சு மண்ணிலிருந்து ஏடு வெளிவந்தது. இன்றைய பேச்சில் சொன்னால், வழங்கியை அயல்நாட்டில் வைத்தார்கள். என்ன ஆயிற்று? ஏடு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதை வெள்ளையர் தடுத்தனர். பொறி புதுவையில் சுழன்றது. படிப்பவன் திருநெல்வேலியில் காத்திருந்தான். நடுவில் இருந்த தபால் பிறர் கையில். 1910 மார்ச்சில் ஏடு நின்றது. சொந்தப் பொறி இருந்தும் சொல் சென்று சேரவில்லை.

அதே பாரதியார் பின்னர், 1918-க்கும் 1920-க்கும் இடையே, இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையத்தில், மனைவியின் ஊரில், வறுமையோடு வாழ்ந்தார். அங்கிருந்து 1920-ல் அன்பர்கட்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்தனைத்தையும் 40 நூல்களாக்கி, நூலுக்குப் பத்தாயிரம் படி அச்சிட்டுத் தாமே வெளியிட எண்ணம். கடன் தந்து உதவுக என்று கேட்டார். எவ்வளவு பெரிய கணக்கு, எவ்வளவு தெளிந்த ஆசை! பணம் வரவில்லை, திட்டம் நிறைவேறவில்லை, அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் சென்னைக்குச் சென்று "சுதேசமித்திரன்" ஏட்டில், பிறர் மேடையில், பணிக்கு அமர்ந்தார். மறு ஆண்டே மறைந்தார். கடையத்து வீதியில் நடக்கும் இளைஞர் எவரும், இன்று ஆயிரம் ரூபாய் அளவில் ஓராண்டுக்கு ஒரு முகவரியைத் தன் பெயரில் பதிந்துகொள்ள முடிகிறது என்பதை நினைக்கும்போது, இந்தச் சுற்றறிக்கையையும் நினைத்திடல் நன்று.

இரண்டாவது நிகழ்ச்சி, ஈரோட்டில். 1925 மே 2-ஆம் நாள் "குடி அரசு" பிறந்தது. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி என்றிருந்த இழிவு நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. பிறர் நடத்தும் ஏடுகள் நமக்கு எவ்வளவு இடம் தரும், எங்கே நிறுத்தும் என்பதைப் பெரியார் அறிந்திருந்தார். தம் ஏட்டைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். 1933 அக்டோபர் 29-ஆம் நாள் இதழில், இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழியவேண்டும் எனக் கேட்டுத் தலையங்கம் தீட்டினார். அரசு வழக்குத் தொடுத்தது. எழுதிய பெரியாரும், வெளியிட்டவர் என்னும் முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் 1934-ல் தண்டனை பெற்றனர். ஏடு நின்றது, ஆனால் குரல் நிற்கவில்லை. 1933 நவம்பரிலேயே "புரட்சி" வந்தது. அதுவும் நெருக்கப்பட்டபோது 1934-ல் "பகுத்தறிவு" வந்தது. 1935-ல் "குடி அரசு" மீண்டும் வந்தது.

பெயரை மாற்றி மாற்றி வந்ததெப்படி? அச்செழுத்து கையில் இருந்தது. சந்தாதாரர் முகவரி கையில் இருந்தது. அடித்தாலும் ஓடாத ஆட்கள் இருந்தனர். இம்மூன்றில் எது இல்லாதிருந்தாலும் நின்றிருக்கும். எது மிகமிகத் தேவை என்று எம்மைக் கேட்டால், அச்செழுத்தைக் கடைசியில் வைப்போம். அச்செழுத்து வேறெங்கும் கிடைக்கும்.

இரு நிகழ்ச்சியையும் ஒப்பிட்டால் மேடைக்கு உரியவனாவது என்றால் என்ன என்பது புலப்படுகிறது. சொத்து அதில் சிறுபகுதி. சொன்னதற்கு நானே பொறுப்பு என்று பெயரோடும் ஊரோடும் நிற்றல் அதில் பெரும்பகுதி. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், அச்சடித்தவர் பெயரையும் இடத்தையும் தாளில் போட்டே தீரவேண்டுமென்றது. பிடித்துக் கட்டிப்போட வசதியாக இருக்கட்டுமென்று வெள்ளையன் செய்த ஏற்பாடு அது. அந்த வரியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு கண்ணம்மாள் நின்றதாலேயே அது பெருமைக்குரிய வரியாயிற்று. "இந்தியா" ஏட்டில் அந்த வரியில் இருந்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர்; சிறைக்குப் போனவர் முன்னவர். பாரதியாரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அன்று நண்பர்களே அவரைப் போகச் சொன்னார்கள் என்பர். ஆனால் படிப்பு வட்டத்துத் தோழர்கள் முகவரியைப் பதிவு செய்யும் நாளில், யார் பெயரில் பதிகிறோம், வழக்கு வந்தால் யார் நிற்பார் என்று ஒரு நிமிடம் பேசிக்கொள்ளவேண்டும். வட்டத்திலேயே வயதில் இளையவன், கணினி தெரிந்தவன் என்பதற்காக ஒரு கல்லூரி மாணவன் தலையில் அதைக் கட்டுதல் முறையாகாது.

சொந்த வீட்டுக்குப் பூட்டுப் போட முடியாது என்று எண்ணுவோர்க்கு, 2025 பிப்ரவரியில் விகடன் தளத்துக்கு நேர்ந்ததை நினைவூட்டுகிறோம். அமெரிக்க அதிபர் அருகே இந்தியப் பிரதமர் விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக "விகடன் பிளஸ்" கேலிச்சித்திரம் வெளியிட்டது. சில நாளில் தளம் முழுவதுமே நாட்டில் பலருக்குத் திறக்கவில்லை. பெயர் சொந்தம், தளம் சொந்தம், பரம்பரை சொந்தம். கம்பி மட்டும் சொந்தமன்று. மார்ச்சு 6-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், படத்தை இப்போதைக்கு எடுத்துவிடுக, தளத்தைத் திறந்துவிடுக என்றது. ஒரு சித்திரத்துக்காக ஒரு நூலகத்தையே பூட்டியது எந்த நீதி என்று நாம் கேட்கிறோம். நெருக்கடிநிலையின்போது "முரசொலி"யும் சொந்த ஏடாகத்தான் இருந்தது. தணிக்கையாளர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தார். கைதானோர் பட்டியலைப் போடக்கூடாதென்றனர். 1976 பிப்ரவரி 3-ஆம் நாள், அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் என்று ஊர் ஊராகப் பெயர்களைப் போட்டார் கலைஞர். நாடு புரிந்துகொண்டது. அந்தத் திறம் அச்சுப் பொறியில் இல்லை.

இரவல் இடத்திலோ, பூட்டு இன்னும் விந்தையாக விழும். 2006 ஜூலையில் அரசு ஒரு சில பக்கங்களை மட்டும் தடுக்கச் சொன்னது. இணைய இணைப்புத் தருவோர் அவற்றைப் பிரித்தெடுக்கத் தெரியாமலோ, சோம்பலினாலோ, பிளாகரின் பதிவுகள் அனைத்தையும், டைப்பேட்டையும் ஜியோசிட்டீஸையும் சேர்த்து, மொத்தமாக அடைத்தனர். சமையற்குறிப்பு எழுதியவரும் சங்கப்பாட்டுக்கு உரை எழுதியவரும் ஒரே நாளில் ஊமையாயினர். பக்கத்துக் கடைக்காரர் மேல் புகார் வந்தால் தெருவையே சீல் வைப்பது போன்றது. சொந்த முகவரி இதற்கொரு நல்ல மருந்து. நம் குற்றத்துக்கு மட்டும் நாம் அடைபடுவோம்.

இனி, "சொந்தம்" என்பதைச் சற்றே உரித்துப் பார்ப்போம். வெங்காயம்போல் அதில் அடுக்குகள் உண்டு. முகவரிப் பெயர் ஒன்று. அதுவும் விலைக்கு வாங்கிய நிலமன்று, குத்தகையே. ஒரே தடவையில் பத்தாண்டுக்கு மேல் பொதுவாகப் பதிந்து வைக்க இயலாது. எழுத்து ஒன்று. எழுத்தைத் தாங்கும் மென்பொருள் ஒன்று. அதன் கீழே வழங்கி என்னும் பொறி. அதன் கீழே கம்பி. அதன் கீழே மின்சாரம். எல்லா அடுக்கும் தனதென்று சொல்லக்கூடியவர் உலகில் எவருமில்லை. பெரியாரும் காகித ஆலை வைத்திருக்கவில்லை. எந்த அடுக்கை விட்டுக்கொடுத்தால் மீண்டும் பெறமுடியாதோ அதைப் பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றதை வாடகைக்கு எடுத்தாலும் மானம் போய்விடாது. பெயரை விட்டால் வாசகன் வழி தவறுவான். எழுத்தின் படியை விட்டால் எழுதியதே இல்லையாகும். வாசகர் முகவரிகளை விட்டால் நாளை "புரட்சி" தொடங்கினாலும் அனுப்ப ஆளில்லை. பொறி கெட்டால் வேறு பொறி வாடகைக்குக் கிடைக்கும். மென்பொருளிலும் வேறுபாடு அறிதல் வேண்டும்: வேர்ட்பிரஸ் 2003-ல் பிறந்தது, எவரும் எடுத்து, எங்கும் நிறுவி, திருத்தியும் கொள்ளலாம் என்னும் உரிமத்தோடு வந்தது. அப்பெயரிலேயே வாடகைக்கு இடம் தரும் நிறுவனமும் உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் பலர். முன்னதில் எழுதியதை வேறிடத்துக்கு அப்படியே பெயர்த்துச் செல்லலாம். பெயர்த்துச் செல்ல வழியில்லாத இடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அங்கே குடியேறாதீர் என்போம்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இருக்கிறதே, தன் சேவைகளைத் தன் சொந்தத் தரவு மையங்களிலேயே நடத்துகிறதே, அதைப்போல் நாமும் செய்யலாகாதா என்று ஒரு தோழர் கேட்கிறார். பொதிகை அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து உலகுக்கு மென்பொருள் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று, மகிழ்கிறோம். ஆயின் பொறியாளர் ஆயிரக்கணக்கில் உள்ள நிறுவனத்துக்கும், மாலையில் கூடும் பத்துப் பேருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்கலாகாது. இன்னொரு தோழர், நம்மூர் நிறுவனம்தானே, அங்கேயே வைத்துவிட்டால் சொந்தமாகிவிடாதா என்கிறார். ஆகாது. வீட்டுக்காரர் நம்மூர்க்காரர் என்பதால் வாடகைக்காரன் உரிமையாளன் ஆவதில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடி, நாயக்க மன்னரிடம் "குறவஞ்சி மேடு" என்னும் நிலம் பெற்றார். இனிய தமிழ், மறுக்கவில்லை. ஆனால் கோயிலைப் பாடியதற்கு நிலம் கிடைத்த நாட்டில், கோயிலைக் கேள்வி கேட்ட குறத்தி ஒருத்தியைப் படைத்திருந்தால் எந்த மேடு கிடைத்திருக்கும்?

இங்கேதான் சொந்த வழங்கிக்காரரை நாம் கடுமையாகக் கேட்கவேண்டியிருக்கிறது. யார் பேணுவது? தென்காசியில் பராக்கிரம பாண்டியன் கோயில் எடுத்தான். எடுத்த கையோடு, பின்னாளில் இதைச் செப்பனிட்டுக் காப்போரை நான் பணிகிறேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்தான். கோயில் எதற்கு என்பது வேறு வழக்கு. மன்னனாயினும் கல்லாயினும் கவனிப்பின்றி நில்லாது என்றறிந்திருந்தான், அவ்வறிவு மெச்சத்தக்கது. அவன் எடுத்த கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்று, 1990-ல்தான் ஒன்பது நிலையாக மீண்டும் எழுந்தது. மென்பொருள் கல்லைவிட விரைவில் பழுதாகும். திங்கள்தோறும் திருத்தம் போடாத தளத்தில் திருடன் நுழைவான்; நுழைந்து, நம் பெயரில் கள்ளச் சரக்கு விற்பான்.

அந்தப் பணியைச் செய்ய வட்டத்தில் ஒருவர் இருப்பார். கடவுச்சொல் அவருக்கே தெரியும். உள்ளே எங்கே என்ன இருக்கிறதென்று அவருக்கே புரியும். மற்றவர் வாயிலில் நின்று, "ஐயா, இந்தக் கட்டுரையைச் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்பர். அவர் ஊருக்குப் போனால் தளம் தூங்கும். கோபித்துக்கொண்டால் தளம் மூடும். தோழர்காள், இந்தக் காட்சியை எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? கருவறைக்குள் ஒருவரே புகலாம், அவர் மொழி பிறருக்கு விளங்காது, அவர் தட்டில் வைத்தால்தான் சேரும் என்னும் ஏற்பாட்டை ஒழிக்கத்தானே இயக்கம் கண்டோம்! நிறுவனத்தின் திண்ணையிலிருந்து தப்பி, நம்முள்ளேயே ஓர் அர்ச்சகரை உண்டாக்கினால் விடுதலை எங்கே? சாவி மூவரிடம் இருக்கட்டும். அம்மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். என்ன செய்கிறோம் என்பதைத் தமிழில், புதிதாய் வருகிறவர்க்கும் விளங்க, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். ஆண்டுக்கொருமுறை பொறுப்பு கைமாறட்டும். இதற்கு மனமில்லாத வட்டம் வாடகைக்கே இருக்கலாம். அதில் ஆபத்துக் குறைவு.

மற்றொன்றும் உண்டு, இதை இருசாராருமே பேசவில்லை. படிப்பு வட்டத்துக்குக் கட்டுரை தருவோர் எல்லாரும் பெயர் போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பவரல்லர். சாதி மாறி மணந்து ஊரைவிட்டு வந்த பெண், பள்ளியில் தனிக் குவளையைக் கண்ட ஆசிரியர், தன் வீட்டார் செய்த கொடுமையைத் தானே எழுதத் துணிந்த இளைஞன் போன்றோர் புனைபெயரில் எழுதுவர். அவர்கள் அனுப்பிய அஞ்சலும், வந்த நேரமும், வந்த வழியும் வழங்கியின் ஏட்டில் பதிவாகி நிற்கும். வழங்கிக்கு உரியவர் அவ்விரகசியங்களுக்கும் காவலர். காவல்நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வோம், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வீட்டு வாயிலில் வந்து நின்றால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே தீர்மானியாதவர், பிறர் உயிரைத் தம் மேசைமேல் வைத்திருக்க உரிமையற்றவர். ஊர்க்காரரின் கைக்கு எட்டாத பெருநிறுவனத்தின் கூட்டத்தினுள் மறைந்திருப்பதே அந்தப் பெண்ணுக்குக் காப்பாக அமைதலும் கூடும். அவ்வாறாயின் நம் தன்மானத்துக்காக அவள் பாதுகாப்பைப் பலியிடுதல் ஆகாது. வேண்டாத பதிவுகளைச் சேர்க்காமலே இருத்தல், சேர்ந்ததை விரைந்து அழித்தல் என்னும் பழக்கம் வந்த பிறகே அத்தகைய எழுத்துக்குச் சொந்தக் கூரை இடுக.

யாழ்ப்பாணத்து நூலகம் 1981-ல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறு படி இல்லாதவை போயின, என்றென்றைக்குமாகப் போயின. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த டி.கே.சி. அவர்களோடு கம்பனைப் பற்றி நமக்கு ஒருநாளும் உடன்பாடு இல்லை. எனினும் அவர் கடிதங்கள் இன்று நூலாகக் கிடைப்பதன் காரணம், பெற்றவர்கள் பேணி வைத்திருந்ததே. எழுத்து பிழைப்பது பலர் கையில் இருப்பதால். இதை ஒப்புக்கொண்டால், "நம் தளத்திலிருந்து எடுத்துப் போடாதீர்" என்று அச்சுறுத்தும் வரியை நம் தளத்தில் போட இயலாது. பாரதியார் பாட்டின் உரிமையை 1949-ல் அரசு வாங்கிப் பிறகு பொதுவாக்க நேர்ந்தது. பெரியாரின் "குடி அரசு" எழுத்தைத் தொகுத்து வெளியிடுவது யார் என்பதில் நம்மவர்க்குள்ளேயே வழக்கு எழுந்து, 2009-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. இருதரப்பாரின் உழைப்பையும் மதிக்கிறோம். ஆயினும் மூடநம்பிக்கையை எதிர்த்து எழுதியதை எவன் வேண்டுமாயினும் அச்சிடட்டும் என்ற பக்கத்தில்தான் நாம் நிற்கிறோம். எவரும் படியெடுக்கலாம், பெயர் மட்டும் சொல்லுக என்று முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுதல் எளிது. பின்னர் எழுதினால் வக்கீல் வைத்து எழுதவேண்டிவரும்.

ஆகவே தென்காசித் தோழர்கட்கு நாம் சொல்வது இது: பெயரை இப்போதே பதிக, தனியொருவர் பெயரில் வேண்டா, வட்டத்தைப் பதிவுபெற்ற மன்றமாக்கி மன்றத்தின் பெயரில் பதிக. பொறியை இவ்வாண்டு வாடகைக்கு எடுக்க. மூவர் கற்றுத் தேர்ந்த பின் அதைப் பற்றி மீண்டும் கூடிப் பேசுக. எழுதுவது முதலில் நம் முகவரியில் வரட்டும்; பிறகு கூட்டம் கூடும் கடைத்தெருவுக்கெல்லாம் எடுத்துச் சென்று கூவுங்கள், தடையில்லை. திங்கள்தோறும் ஒரு படி வேறிடத்தில் வைக்க. ஆண்டுக்கொரு தொகுப்பைச் சிவகாசியில் அச்சிட்டு, ஊர் நூலகத்திலும் தொலைவிலுள்ள இரண்டு நூலகங்களிலும் சேர்த்திடுக. ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரே செல்வரிடம் போகாமல், ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்க. பதிவு முடியும் நாளை மன்றத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சென்ற திங்கள் அனுப்பிய கடிதத்தில், அந்தப் பொறுப்பை யாரிடம் தருவது என்பதில்தான் இன்னும் இழுபறி என்று கண்டோம். அதை அடுத்த கூட்டத்தில் முடித்துவிட்டு எழுதுங்கள்.